ஒரு லெப்டொப், ஒரு பெயர், என்னுடைய ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுவதும் வாசியுங்கள். பழைய லெப்டொப் வாங்க இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அறிவுரை மட்டும் எழுத மனம் வரவில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். வாப்பா வயல் செய்கிறவர். பெரும்போக நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார். "சேர், மகளுக்கு ஒரு லெப்டொப் எடுக்கோணும். எனக்கு இதுகள் ஒண்டும் விளங்காது. நீங்க பாத்துச் சொன்னாப் போதும்" என்றார். பிள்ளைகளுக்கு கொம்பியூட்டர் படிப்பிக்கிற வாத்தியாரிடம் இதைவிட வேறென்ன கேட்பார்கள்? போனேன்.

கடைக்காரர் ஒரு மெஷினை எடுத்து மேசையில் வைத்தார். கோர் ஐ5, ஏழாவது தலைமுறை, 78,000 ரூபாய். கையை வைக்கிற இடத்தில் ஏழாவது தலைமுறை ஸ்டிக்கர். விண்டோஸைத் திறந்து, திஸ் பிசியில் வலது கிளிக் செய்து, புரொப்பர்டீஸைப் பார்த்தேன். புரொசசர் என்ற இடத்தில் இன்டெல் கோர் ஐ5 7200யூ, 2.50 கிகாஹேர்ட்ஸ். டாஸ்க் மனேஜரில் இரண்டு கோர், நான்கு த்ரெட். எல்லாம் சரி. மெஷின் கொஞ்சம் தடிப்பாக இருந்தது, பக்கத்தில் டிவிடி ட்ரைவும் இருந்தது. கேட்டேன். "கொம்பனி பாவிச்ச மெஷின் சேர், அதெல்லாம் கட்டி" என்றார். மனதில் சின்னதாக ஒரு உறுத்தல். ஆனால் ஸ்க்ரீனே பெயர் சொல்லும்போது நான் என்ன சொல்ல? "நல்ல மெஷின் காக்கா, எடுங்க" என்றேன். அவர் ஒரு முறைகூட மெஷினைப் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு காசை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு இரவு அந்தப் பிள்ளை போன் எடுத்தாள்.

"சேர், கெம்பஸ்ல ஒரு புரோகிராம் போடச் சொன்னாங்க. போட்டா ஓடுதில்ல. இந்தப் புரொசசர்ல ஏவிஎக்ஸ்2 இல்லையாம். நான் தேடிப் பாத்தன் சேர், இன்டெல் நாலாவது தலைமுறையிலயே அது வந்திட்டு. ஏழாவதுல எப்படி இல்லாமப் போகும்?"

ஏவிஎக்ஸ்2 என்பது ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்குப் பண்ணுகிற திறமை. 2013இல் ஹஸ்வெல் என்று இன்டெல் பெயர் வைத்த நான்காம் தலைமுறையோடு வந்தது. 7200யூவில் அது உண்டு. அப்படியானால் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது 7200யூ இல்லை.

நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மகள், கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து செட் எண்டு அடிங்க. புரொசசர் ஐடென்டிஃபையர் எண்டு ஒரு வரி வரும். அத அப்படியே வாசிங்க" என்றேன்.

அவள் வாசித்தாள். "இன்டெல்64, ஃபேமிலி 6, மொடல் 42, ஸ்டெப்பிங் 7."

7200யூ என்றால் அங்கே மொடல் 142 என்று வரவேண்டும். 42 என்பது சாண்டி பிரிட்ஜ், 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. பெயரை மாற்றியவர் பக்கத்து வரியில் கிடந்த இந்த இலக்கத்தை மாற்ற மறந்துவிட்டார், அல்லது அதைப் பார்க்கிற ஆள் வரமாட்டார் என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்தது சரிதான். பார்க்கத் தெரிந்த நான் பார்க்கவில்லையே.

விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்தபோது மெஷினை வாங்கிப் பார்த்தேன். நடந்தது இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் புரொசசரிடம் பெயரைக் கேட்டு ரெஜிஸ்ட்ரி என்கிற தன் பதிவுக் கொப்பியில் எழுதிக்கொள்ளும். நாம் புரொப்பர்டீஸில் பார்ப்பது அந்தக் கொப்பியில் எழுதியிருப்பதைத்தான். நிர்வாகி அனுமதி உள்ள யாரும் அந்தக் கொப்பியை அழித்து வேறு பெயர் எழுதலாம். அடுத்த முறை எழும்பும்போது உண்மைப் பெயர் திரும்ப வந்துவிடும் என்பதால், மெஷின் தொடங்கும்போதெல்லாம் தானாக ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்டையும் உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டு மெஷினை நிறுத்திப் போட்டேன். புரொப்பர்டீஸில் கோர் ஐ5 2520எம் என்று வந்தது. அதுவும் 2.50 கிகாஹேர்ட்ஸ், அதுவும் இரண்டு கோர் நான்கு த்ரெட். எல்3 கேஷ் கூட இரண்டிலும் 3 எம்பி. பொருத்தமான பொய்யைத் தேடித்தான் எடுத்திருக்கிறார்கள்.

பாவம் அந்தப் புரொசசர். ஒவ்வொரு நாள் காலையிலும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. சொன்ன கையோடு ஒருவர் அதை அழித்து எழுதியிருக்கிறார்.

இதை மறுநாள் தரம் 12 பிள்ளைகளிடம் பாடமாகவே எடுத்தேன். ஊரையும் பெயரையும் சொல்லவில்லை. புரொசசரிடம் பெயர் கேட்பது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இன்டெல், ஏஎம்டி புரொசசர்களுக்குள் சிபியூஐடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. 1993இல் பென்டியத்தோடு பரவலாக வந்தது. பிந்திய சில 486களிலும் உண்டு. சாதாரண புரோகிராம் ஒன்றுகூட யாரிடமும் அனுமதி கேட்காமல் இதைக் கேட்கலாம். ஒரு ரெஜிஸ்டரில் பூச்சியத்தை வைத்துக் கேட்டால் செய்தவன் யார் என்று சொல்லும். பதில் மூன்று ரெஜிஸ்டர்களில் நான்கு நான்கு எழுத்தாக வரும், மொத்தம் 12 எழுத்து. இன்டெல் என்றால் 'ஜெனுயின் இன்டெல்', ஏஎம்டி என்றால் 'ஒதென்டிக் ஏஎம்டி'. இங்கிலீஷில் எழுதி எண்ணிப் பாருங்கள், இரண்டும் சரியாகப் பன்னிரண்டு. ஒன்றை வைத்துக் கேட்டால் ஃபேமிலி, மொடல், ஸ்டெப்பிங் இலக்கங்கள். ஏழை வைத்துக் கேட்டால் வருகிற திறமைப் பட்டியலில்தான் ஏவிஎக்ஸ்2 இருக்கும். நாம் கடையில் கேட்கிற முழுப் பெயரை வாங்க இன்னும் மூன்று தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 16 எழுத்தாக மொத்தம் 48 எழுத்து இடம்.

ஒரு பிள்ளை கை உயர்த்தினான். "சேர், அந்தக் கட்டளை வாறதுக்கு முந்தி என்ன செஞ்சாங்க? பேரே சொல்லத் தெரியாத புரொசசர எப்படிக் கண்டுபிடிக்கிற?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் பெயர் கேட்பதில்லை, வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். புரொசசருக்குள் ஃப்ளாக்ஸ் என்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. அதில் 12 தொடக்கம் 15 வரையான பிட்டுகளை மாற்ற முயற்சி செய்வார்கள். என்ன எழுதினாலும் அவை 1 ஆகவே நின்றால் அது 1978இன் 8086 பரம்பரை. 0 ஆகவே நின்றால் 1982இன் 286. மாறினால் 386 அல்லது அதற்கு மேல். அடுத்து 18ஆம் பிட்டை மாற்றிப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் 1985இன் 386, முடிந்தால் 1989இன் 486 அல்லது அதற்கு மேல். கடைசியாக 21ஆம் பிட். அதை மாற்ற முடிந்தால் இதனிடம் சிபியூஐடி கேட்கலாம் என்று அர்த்தம். ஆக, பெயர் கேட்கலாமா என்பதைக்கூட ஒரு வேலை கொடுத்துத்தான் அறிந்தார்கள்.

பெயர் உண்மையாக இருந்தும் போதாமல் போன கதை ஒன்றும் உண்டு. 1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் படிப்பித்த தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்கள் சம்பந்தமான ஒரு கணக்கில் விடை பிழைப்பதைக் கண்டார். மாதக்கணக்காக எல்லாவற்றையும் சந்தேகித்துச் சோதித்து, கடைசியில் குற்றம் பென்டியம் புரொசசரின் வகுத்தலில் என்று கண்டுபிடித்தார். பெட்டியிலும் பென்டியம், கேட்டாலும் பென்டியம், ஆனால் சில வகுத்தல்களில் விடை பிழை. 4195835ஐ 3145727ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 3145727ஆல் பெருக்கி, 4195835இலிருந்து கழியுங்கள். பூச்சியம் வரவேண்டும். குறையுள்ள பென்டியத்தில் 256 வந்தது. எல்லோருக்கும் விளங்குகிற ஒரு சோதனை. இன்டெல் புரொசசர்களை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அதற்கென 475 மில்லியன் டொலரைக் கணக்கில் ஒதுக்கியது. ஒரு வாத்தியார் தன் விடையைத் திருப்பிச் சரிபார்த்ததன் விலை அது.

மற்றப் பக்கமும் இருக்கிறது. இன்டெல் விற்ற கம்பைலரில் செய்த புரோகிராம்கள் ஓடத் தொடங்கும்போது அந்த 12 எழுத்தைப் பார்க்கும். 'ஜெனுயின் இன்டெல்' இல்லையென்றால், அந்தப் புரொசசருக்குத் திறமை இருந்தாலும் மெதுவான வழியில் அனுப்பிவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் ஃபொக் இதை விரிவாக எழுதி வெளிக்கொண்டு வந்தார். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் வழக்கிலும் இந்த விடயம் வந்தது. 2010இல் செய்த இணக்கத்தின்படி, தன் கம்பைலர் மற்றவர்களின் புரொசசர்களில் அவ்வளவு வேகம் தராமல் போகலாம் என்பதை இன்டெல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. திறமைப் பட்டியல் பக்கத்திலேயே இருக்கும்போது குலம் கோத்திரம் விசாரித்த கதை.

பாடம் நன்றாகப் போனது. ஆனால் அன்று முழுவதும் என் தலையில் ஓடியது வேறு. அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் சிபியூஐடி, ரெஜிஸ்ட்ரி என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"சேர், மூட்டையில எழுதியிரிக்கிறதப் பாத்து ஆராவது நெல்லு வாங்குவாங்களா?"

நான் பேசவில்லை. அவரே சொன்னார். "நாங்க விக்கப் போனா, ஏவாரி மூட்டைக்கி நடுவுல ஊசிய உட்டு நெல்ல எடுப்பான். கையில தேச்சுப் பாப்பான், பல்லுல கடிச்சு ஈரம் பாப்பான். நான் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் கடிச்சுத்தான் பாப்பான். நாங்க கோவிக்கிறல்ல. அது அவன்ட தொழில்."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். ஆனால் பதினேழு வருடமாக நான் படிப்பித்த பாடத்தை அவர் இரண்டு நிமிடத்தில் எனக்குப் படிப்பித்துவிட்டார். நான் அன்று கடையில் மூட்டையின் மேலே எழுதியிருந்ததை வாசித்துவிட்டு "எடுங்க காக்கா" என்று சொன்னவன்.

"பிழை என்ட பக்கம் காக்கா. பாக்கிற வழி எனக்குத் தெரியும், பாக்கல்ல" என்றேன்.

"சரி உடுங்க சேர். இனி என்ன செய்யிற எண்டு சொல்லுங்க" என்றார்.

இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கேட்டது, "ஐ5 எண்டு சொன்னன், ஐ5 தானே இரிக்கி?" பில்லை எடுத்துப் பார்த்தேன். 'ஐ5 லெப்டொப்' என்று மட்டும் எழுதியிருந்தது. எழுத்தின்படி பொய் இல்லை! தலைமுறையும் இல்லை, 7200யூ என்ற இலக்கமும் இல்லை. வாங்கிய அன்று அந்தப் பில்லையும் நான் வாசிக்கவில்லை.

பிறகு தாங்களும் மொத்தமாக வாங்கியதாகவும், வந்தபடியே விற்றதாகவும் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஸ்கிரிப்டை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கமெண்டில் கேட்காதீர்கள். சத்தம் போடாமல் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் பழையதை எடுத்துக்கொண்டு, 12,000 ரூபாய் மேலதிகமாக வாங்கி வேறொன்று தருவதாக ஒத்துக்கொண்டார். அந்த 12,000 ரூபாயை அவர் கொடுக்க நான் விடவில்லை. உபகாரம் என்று நினைக்க வேண்டாம். என் வார்த்தைக்கு இருந்த கடன் அது.

புதிய மெஷினை மேசையில் வைத்ததும் காக்கா என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க பாத்துச் சொன்னாப் போதும்."

அதே வார்த்தை. ஒரு தடவை ஏமாந்த மனிதர், ஏமாற விட்ட ஆளிடமே மறுபடி சொல்கிறார். பையில் இருந்த பென் ட்ரைவை எடுத்தேன். அதிலிருந்த லினக்ஸில் மெஷினை எழுப்பினேன். பெயர், ஃபேமிலி, மொடல், திறமைப் பட்டியலில் ஏவிஎக்ஸ்2, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்து போனில் தேடி ஒப்பிட்டேன். பிறகு இருபது நிமிடம் கனமான கணக்கு ஒன்றை ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா, வேகம் விழுகிறதா என்று பார்த்தேன். நாற்பது நிமிடம் போனது. கடைக்காரர் முகம் சுளித்தார். காக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டார். இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

இனி உங்களுக்கு. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைச் சேமித்து வையுங்கள்.

1. ஸ்டிக்கரையும் புரொப்பர்டீஸ் பக்கத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டும் மற்றவர் எழுதக்கூடிய இடங்கள்.

2. ஐ5 என்பது முழுப் பெயர் அல்ல. பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 2520 என்றால் இரண்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை.

3. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென் ட்ரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். மெஷினை அதிலிருந்து எழுப்பி, டேர்மினலில் எல்எஸ்சிபியூ என்று இங்கிலீஷில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். விண்டோஸின் கொப்பிக்கு அங்கே வேலை இல்லை, நேரே புரொசசரிடம் கேட்கும்.

4. அதற்கு விடமாட்டார்கள் என்றால் சிபியூ-இசட் என்ற இலவச புரோகிராமை உங்கள் பென் ட்ரைவிலேயே கொண்டுபோங்கள். கடை மெஷினில் ஏற்கனவே கிடப்பதை நம்ப வேண்டாம். கமாண்ட் புரொம்ப்டில் செட் அடித்து மொடல் இலக்கத்தையும் பாருங்கள்.

5. பெயர் மட்டும் போதாது. ஏஎம்டியில் அந்த 48 எழுத்துப் பெயரை மெஷின் எழும்பும்போது பயோஸ்தான் எழுதி வைக்கிறது. ஆகவே பெயர், ஃபேமிலி, மொடல், திறமைப் பட்டியல் நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒருவர் பொய் சொல்லலாம், நான்கு சாட்சிகளையும் ஒரேமாதிரிப் பொய் சொல்ல வைப்பது கஷ்டம்.

6. பில்லில் முழு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். எழுதமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

7. மெஷின் தடிப்பாக இருக்கிறது, டிவிடி ட்ரைவ் இருக்கிறது என்று மனம் உறுத்தினால், அந்த உறுத்தலுக்குக் காது கொடுங்கள். நான் கொடுக்கவில்லை.

பிள்ளை இப்போது அந்தப் புரோகிராமை ஓட்டுகிறாள், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தன்னோடு படிக்கிற பிள்ளை ஒருத்தி வாங்க நினைத்த மெஷினைக் கடையில் வைத்தே தான் சோதித்ததாகவும், மொடல் இலக்கம் பொருந்தவில்லை என்று வாங்க விடவில்லை என்றும் எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "கடிச்சுப் பாத்தன் சேர்."

வாப்பா அவளுக்கும் சொல்லியிருக்கிறார் போல.